விசிடிக்குள் இருந்த அந்த ஃபோல்டர்

வருடத்துக்கு ஒரு தடவையாவது யாராவது ஒருவர் "உலகின் மிக மோசமான வீடியோ கேம் கன்சோல்கள்" என்று ஒரு பட்டியல் போட்டுவிடுகிறார். அதில் பிலிப்ஸ் சிடிஐ கட்டாயம் இருக்கும். கூடவே அந்த மெஷினில் வந்த செல்டா கேம்களிலிருந்து கோணல்மாணலான முகங்கள் இரண்டு, ஹோட்டல் மாரியோவிலிருந்து ஒரு படம், பிலிப்ஸுக்கு என்ன புத்தி கெட்டுப்போச்சா என்கிற தொனியில் நாலு வரி. நானும் படித்துவிட்டுச் சிரிப்பேன். சிரித்து முடித்த பிறகு ஏதோ உறுத்தும். அந்தக் கேம்கள் மோசம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. உறுத்துவது வேறு விஷயம். இப்படிப் பட்டியல் போடுகிறவர்கள் பெரும்பாலும் அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ வளர்ந்தவர்கள். வீடியோ கேசட்டை விட்டு நேராக டிவிடிக்குத் தாவியவர்கள். நடுவில் விசிடி என்று ஒன்று வந்து பாதி ஆசியாவின் வரவேற்பறைகளை ஆண்டுவிட்டுப் போனது அவர்கள் கண்ணில் படவே இல்லை. அதனால் சிடிஐயின் கதையை அவர்கள் பாதியிலேயே முடித்துவிடுகிறார்கள். மீதிக் கதை நம் வீட்டில் நடந்தது.

2000-ஐ ஒட்டிய வருடங்களில் ஒரு சினிமா விசிடியைக் கம்ப்யூட்டரில் போட்டு, படத்தை ஹார்ட் டிஸ்கில் காப்பி செய்தவர்களுக்கு இது ஞாபகம் இருக்கும். டிஸ்கைத் திறந்தால் நாலைந்து ஃபோல்டர்கள் வரும். எம்பெக்ஏவி என்ற ஃபோல்டருக்குள் டிஏடி என்று முடியும் பெரிய ஃபைல் ஒன்று இருக்கும். அதுதான் படம். அதை இழுத்துப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. மற்ற ஃபோல்டர்களை யாரும் தொட மாட்டார்கள். அகர வரிசையில் வைத்தால் அவற்றில் முதலில் வந்து நிற்பது சிடிஐ. அதற்குள் பொடிப்பொடியாகச் சில ஃபைல்கள். ஒன்று ஆர்டிஎஃப் என்று முடியும். விண்டோஸ் அதை யாரோ எழுதிய கடிதம் என்று நினைத்துக்கொண்டு வேர்டுபேடில் திறக்கும், திரை முழுக்கக் குப்பை எழுத்துகள் ஓடும். இன்னொன்று ஏபிபி என்று முடியும். அதைச் சொடுக்கினால் இதை எதில் திறப்பது என்று விண்டோஸ் நம்மையே திருப்பிக் கேட்கும். எங்கள் ஊர் பிரவுசிங் சென்டர் அண்ணன், "அது வைரஸ் தம்பி, கை வைக்காத" என்றார். ஊரில் அவர் சொன்னதுதான் வேதம். யாரும் கை வைக்கவில்லை.

அது வைரஸ் கிடையாது என்று எனக்குத் தெரிய வெகுகாலம் ஆயிற்று. அந்த ஏபிபி ஃபைல் ஒரு புரோகிராம். பிலிப்ஸ் சிடிஐ என்ற மெஷினில் மட்டும் ஓடக்கூடியது. விசிடிக்கான விதிகளை 1993-ல் எழுதியபோது, டிஸ்க் சிடிஐ மெஷினிலும் ஓட வேண்டும், ஆகவே அதை ஓட்டும் புரோகிராமும் டிஸ்கிலேயே இருக்க வேண்டும் என்று சேர்த்து எழுதிவிட்டார்கள். விதி அப்படி என்பதால் டிஸ்க் தயாரிக்கிறவர்கள் அதை அப்படியே போட்டார்கள். ஒரிஜினலைப் பார்த்துக் காப்பி அடித்தவர்களும் போட்டார்கள். பர்மா பஜாரில் பிளாஸ்டிக் உறைக்குள், மங்கலான ஜெராக்ஸ் அட்டையோடு விற்ற டிஸ்குகளும் அதைச் சுமந்துகொண்டுதான் வந்தன. அவை போய்ச் சேர்ந்த ஊர்களில் ஒரு சிடிஐ மெஷின்கூட இருந்திருக்காது. கோடிக்கணக்கான டிஸ்குகளில், இல்லாத ஒரு மெஷினுக்காக ஒரு புரோகிராம் காத்துக்கொண்டு கிடந்திருக்கிறது.

ஐந்தோவனில் பார்த்தது

மெஷினை நான் முதலில் நேரில் பார்த்தது அது பிறந்த ஊரில்தான். வேலை விஷயமாகக் கொஞ்ச காலம் நெதர்லாந்தின் ஐந்தோவனில் இருந்தேன். பிலிப்ஸ் 1891-ல் பல்பு கம்பெனியாகத் தொடங்கிய ஊர். எங்கே திரும்பினாலும் அந்தப் பெயர்தான், கால்பந்து அணியில்கூட. என்னோடு வேலை பார்த்த டச்சுக்காரர் ஒருவர், பேச்சுவாக்கில் நான் விசிடி ஃபோல்டர் கதையைச் சொன்னதும், அம்மா வீட்டுப் பரணில் ஒன்று கிடக்கிறது, எடுத்து வருகிறேன் என்றார். வந்ததைப் பார்த்தால் கன்சோல் மாதிரியே இல்லை. கறுப்பாக, அகலமாக, கனமாக, நம் ஊர் டெக்கு மாதிரி இருந்தது. டிவிக்குக் கீழே வைத்தால் விருந்தாளிகள் மரியாதையாகப் பார்ப்பார்கள், குழந்தைகள் திரும்பியும் பார்க்க மாட்டார்கள். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று திட்டமிட்டே செய்திருக்கிறார்கள்.

ரிமோட்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். மேல்புறம் கட்டைவிரலுக்கு ஒரு சின்னக் குமிழ். அதை அசைத்தால் திரையில் அம்புக்குறி நகரும். நகரும் என்றால், நாம் அசைத்து ஒரு கணம் யோசித்துவிட்டு நகரும். மெனுவில் ஒரு படத்தைத் தேர்ந்தெடுக்க அது போதும். ஓடிவரும் எதிரியைத் தாண்டிக் குதிக்க அது போதவே போதாது. செல்டா டிஸ்கைப் போட்டார். கார்ட்டூன் ஓடியது. அப்புறம் கறுப்புத் திரை, டிஸ்க் சுழலும் சத்தம், மறுபடி கார்ட்டூன். ஒரு வழியாகக் கேம் தொடங்கியதும் நான் ஒரு பள்ளத்தில் விழுந்தேன், மறுபடி விழுந்தேன், ரிமோட்டை அவரிடமே கொடுத்துவிட்டேன். இந்தத் தலைமுறை மெஷின்களுக்கு இன்னொரு வியாதியும் உண்டு. கேமில் எங்கே விட்டோம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளும் சில்லுக்குள்ளேயே பேட்டரியையும் வைத்து பிளாஸ்டிக்கால் மூடிவிட்டார்கள். பேட்டரி செத்தால் மெஷினுக்கு மறதி வந்துவிடும். இதைச் சேகரிக்கிறவர்கள் சில்லின் முதுகை அரத்தால் ராவி, உள்ளே இருக்கும் கம்பியைத் தேடிப் பிடித்து, வெளியே ஒரு கடிகார பேட்டரியைப் பற்ற வைக்கிறார்கள்.

"சின்ன வயசில் இதை ரொம்ப விளையாடுவீர்களா?" என்று கேட்டேன். "இல்லை, இது அம்மா கலைக்களஞ்சியம் பார்க்க வாங்கியது. விளையாட நாங்கள் பக்கத்து வீட்டுக்குப் போவோம், அங்கே நின்டெண்டோ இருந்தது" என்றார். சிடிஐ ஏன் தோற்றது என்று ஆங்கிலத்தில் எத்தனையோ கட்டுரைகள் இருக்கின்றன. அவர் சொன்ன இந்த இரண்டு வாக்கியத்தை விட அதிகமாக எதுவும் எனக்குச் சொன்னதில்லை.

பிலிப்ஸ் ஆரம்பத்தில் அதைக் கேம் மெஷினாக நினைக்கவே இல்லை. பாட்டு சிடியை சோனியோடு சேர்ந்து கொண்டுவந்து உலகத்தையே மாற்றியவர்கள். அதே வட்டத்தில் படம், எழுத்து, குரல் எல்லாம் வைத்து டிவியில் காட்டலாம், பார்ப்பவர் பட்டனை அழுத்தி வேண்டிய இடத்துக்குப் போகலாம் என்று 1986-ல் அறிவித்தார்கள், மறுபடி சோனியோடு சேர்ந்து. விதிகளை எழுதிய புத்தகத்துக்குப் பச்சை அட்டை, பெயரும் பச்சைப் புத்தகம். உள்ளே இருந்தது அசல் கம்ப்யூட்டர்தான். 68000 குடும்பத்துப் பிராசசர், ஓஎஸ்-9 என்ற இயங்குதளத்தை வைத்துச் செய்த மென்பொருள். ஆனால் கம்ப்யூட்டர் என்ற சொல்லை மூச்சுவிடக் கூடாது, ஜனங்கள் பயந்துவிடுவார்கள் என்று முடிவு. குடும்பமே சோபாவில் உட்கார்ந்து அருங்காட்சியகம் சுற்றிப் பார்க்கும், கோல்ஃப் கற்றுக்கொள்ளும், குழந்தை எண்ணும் எழுத்தும் படிக்கும். இதுதான் கனவு. நல்ல கனவுதான். சாப்பாடு முடிந்து சோபாவில் சாய்ந்த மனிதனை அந்தக் கனவு கண்டவர்கள் யாரும் பக்கத்தில் இருந்து பார்த்ததில்லை என்று எனக்குத் தோன்றும்.

சியாட்டில், 1987

சிடிஐ கதையில் எல்லாரும் நிறுத்திப் பேசும் இடம் 1991 ஜூன், நின்டெண்டோ சோனியைக் கைவிட்டு பிலிப்ஸோடு கைகோர்த்த நாடகம். அது சுவாரசியமான கதைதான், வருகிறேன். ஆனால் என்னைக் கேட்டால் இந்த மெஷினின் தலையெழுத்து அதற்கு நாலு வருடம் முன்பே சியாட்டிலில் எழுதப்பட்டுவிட்டது.

மைக்ரோசாஃப்ட் அந்த நாட்களில் சிடி-ராம் பற்றி வருடாவருடம் ஒரு மாநாடு நடத்திக்கொண்டிருந்தது. 1986-ல் நடந்த முதல் மாநாட்டில்தான் பிலிப்ஸும் சோனியும் சிடிஐ என்ற குண்டைப் போட்டன. விருந்துக்கு அழைத்த மைக்ரோசாஃப்டின் கூட்டத்திலேயே நாங்கள்தான் மாப்பிள்ளை என்று வந்து உட்கார்ந்த கதை. அடுத்த வருடம், 1987 மார்ச். அமெரிக்க டிவி, ரேடியோ கம்பெனியான ஆர்சிஏ பிரின்ஸ்டனில் வைத்திருந்த டேவிட் சார்னாஃப் ஆய்வுக்கூடத்திலிருந்து சிலர் வந்தார்கள். ஆர்சிஏவை ஜெனரல் எலக்ட்ரிக் வாங்கி முடித்திருந்த நேரம். மேடையில் ஒரு சாதாரண சிடியிலிருந்து படம் ஓட்டினார்கள். திரை முழுக்க, நிற்காமல் அசையும் படம். ஒரு டிஸ்கில் 72 நிமிடம் வரும் என்றார்கள். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அதன் பெயர் டிவிஐ.

அந்தக் கைதட்டல் பிலிப்ஸ்காரர்கள் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். அவர்கள் எழுதிவைத்த பச்சைப் புத்தகத்தில் முழுத்திரைப் படம் கிடையாது. நிழற்படம் காட்டலாம், கார்ட்டூன் ஓட்டலாம், திரையின் ஒரு மூலையில் சின்னக் கட்டத்துக்குள் கொஞ்சம் அசைவு காட்டலாம். அவ்வளவுதான். கடையில் வைக்கும் முன்பே அவர்கள் மெஷின் பழசாகிவிட்டது. டிவிஐ அப்போது விற்கக்கூடிய பொருளே இல்லை. படத்தை முன்கூட்டியே பெரிய கம்ப்யூட்டர்களில் அமுக்கி எடுத்துக்கொண்டுதான் அந்த 72 நிமிடத்துக்குள் அடக்கியிருந்தார்கள். அடுத்த வருடமே அதை இன்டெல் வாங்கியது, வீட்டுக்கு வீடு அது வரவேயில்லை. ஆனால் வேலையைக் காட்டிவிட்டது. சிடியில் சினிமா பார்க்கலாம் என்று ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டவனிடம் போய், வா அருங்காட்சியகம் காட்டுகிறேன் என்றால் வருவானா?

அதன் பிறகு முழுத்திரைப் படம் வேண்டும் என்று பிலிப்ஸ் ஒற்றைக்காலில் நின்றது. 1988-ல் லியோனார்டோ கியாரிலியோனே என்ற இத்தாலியரும் ஹிரோஷி யசூடா என்ற ஜப்பானியரும் சேர்ந்து அசையும் படத்தை அமுக்குவதற்கு ஒரு உலகத் தரம் எழுத நிபுணர் குழு ஒன்றைத் தொடங்கினார்கள். எம்பெக் என்று நாம் இன்றுவரை சொல்வது அந்தக் குழுவின் பெயர். முதல் இலக்கு என்ன வைத்தார்கள் தெரியுமா? நொடிக்கு 1.5 மெகாபிட். இது வானத்திலிருந்து விழுந்த எண் இல்லை. பாட்டு சிடி சுழலும் வேகத்தில் அதிலிருந்து எவ்வளவு தகவல் வருமோ கிட்டத்தட்ட அவ்வளவு. அமுக்காத டிஜிட்டல் டிவி படத்துக்கு நொடிக்குச் சுமார் 200 மெகாபிட் வேண்டும். அதை இந்தச் சந்துக்குள் நுழைக்க வேண்டும், ஒலியோடு சேர்த்து. படத்துக்கு 1150 கிலோபிட், ஒலிக்கு 224 கிலோபிட் என்று கடைசியில் விசிடிக்குப் பங்கு பிரித்தார்கள். நாம் பார்த்த அத்தனை விசிடி படங்களும் கொஞ்சம் மங்கலாக, சண்டைக் காட்சியில் கலங்கலாக, மழைக் காட்சியில் கந்தலாக இருந்ததற்குக் காரணம் இந்த எண்கள்தான்.

இடத்தைப் பிடிக்க இன்னொரு தந்திரமும் செய்தார்கள். அது பச்சைப் புத்தகத்திலேயே இருந்தது. சிடியில் தகவல் செக்டர் செக்டராக இருக்கும், நொடிக்கு 75 செக்டர். கம்ப்யூட்டர் ஃபைல் என்றால் ஒரு செக்டரில் 2048 பைட்தான் சரக்கு, மிச்ச இடம் கீறல் விழுந்தால் பிழை திருத்திக்கொள்வதற்கு. கணக்கு ஃபைலில் ஒரு எழுத்து மாறினாலும் ஆபத்து, சரி. சினிமாவில் ஒரு புள்ளி மாறினால் யாருக்கு என்ன? அந்தப் பிழை திருத்தும் இடத்தையும் எடுத்துக்கொண்டு செக்டருக்கு 2324 பைட் வைத்தார்கள். கீறல் விழுந்த விசிடியில் கதாநாயகி முகம் கட்டம் கட்டமாக உடைந்து, கன்னம் ஒரு பக்கம் பச்சையாகி, குரல் மட்டும் விக்கி விக்கி வந்ததே, அது இந்தப் பேரத்துக்கு நாம் கொடுத்த விலை. சட்டை நுனியில் துடைத்தோம், வட்டமாகத் துடைக்காதே நடுவிலிருந்து வெளியே துடை என்று சண்டை போட்டோம், பற்பசைகூடத் தடவிப் பார்த்தோம். அந்த வீட்டு வைத்தியம் எல்லாம் எந்த ஊரில் எடுத்த முடிவுக்காக என்று யாருக்குத் தெரியும்.

மாரியோவுக்கு நேர்ந்தது

இந்தப் பகுதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், யூட்யூபில் கொட்டிக் கிடக்கிறது. நின்டெண்டோவுக்காக சிடி மெஷின் செய்வதாக சோனி 1991 ஜூனில் சிகாகோ கண்காட்சியில் அறிவித்தது. மறுநாளே நின்டெண்டோ, எங்கள் கூட்டாளி பிலிப்ஸ் என்றது. நடுத்தெருவில் நின்ற சோனி சொந்தமாக ஒரு மெஷின் செய்து பிளேஸ்டேஷன் என்று பெயர் வைத்தது. பிலிப்ஸோடு செய்வதாகச் சொன்ன சிடி மெஷினையும் நின்டெண்டோ கடைசிவரை செய்யவில்லை. பிலிப்ஸ் கையில் மிஞ்சியது மாரியோவையும் செல்டாவையும் தன் மெஷினில் பயன்படுத்திக்கொள்ளும் உரிமை. அனிமேஷன் மேஜிக் என்ற சிறிய நிறுவனம் இரண்டு செல்டா கேம்களை ஆளுக்கு ஆறு லட்சம் டாலர் போலச் செலவில் செய்தது. ரஷ்யாவிலிருந்து ஓவியர்களை வரவழைத்தார்கள். 1993-ல் வந்தது, வந்த வேகத்தில் மறக்கப்பட்டது, பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து யூட்யூப் பிள்ளைகள் அந்தக் கார்ட்டூன்களைத் துண்டு போட்டு ஒட்டி ஒரு கலை வடிவமாகவே ஆக்கிவிட்டார்கள்.

அந்த ஓவியர்களைக் கிண்டல் செய்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. சிடிஐயில் கேமுக்கு அடிப்படையான வசதியே கிடையாது. பின்னணிக்கு மேல் ஒரு உருவத்தைச் சுலபமாக ஓடவிட நின்டெண்டோ, சேகா மெஷின்களில் தனி வன்பொருள் இருக்கும். இதில் எல்லாவற்றையும் பிராசசரே இழுக்க வேண்டும். கலைக்களஞ்சியம் புரட்டச் செய்த மெஷினில் குதித்து ஓடச் சொன்னால் அது என்ன செய்யும்? இதே மெஷினில் வந்த டெட்ரிஸைப் பாருங்கள். அருவி, காடு என்று பின்னணிப் படங்கள், அதற்கு மேல் சாவகாசமான இசை. கேட்டால் இன்றைக்கும் மனசு லேசாகும். மெஷினின் குணம் தெரிந்து செய்தது அது. விலையையும் மறந்துவிடக் கூடாது. 1991 கடைசியில் அமெரிக்கக் கடைக்கு வந்தபோது சுமார் 1000 டாலர். அதே வருடம் அங்கே வந்த சூப்பர் நின்டெண்டோ 199 டாலர். முழுத்திரைப் படம் அப்போதும் தயாராகவில்லை. அதை எம்பெக் சில்லுகளோடு ஒரு தனிக் கார்ட்ரிட்ஜாகப் பிற்பாடு கொடுத்தார்கள், தனிக் காசுக்கு. மெஷினின் முதுகில் ஒரு ஓட்டை, அதில் சொருக வேண்டும். ஐந்தோவன் நண்பரின் மெஷினில் அந்த ஓட்டை காலியாகவே இருந்தது.

பிலிப்ஸுக்கு அது கெட்ட நேரமும்கூட. 1990-ல் கம்பெனியே கவிழும் நிலைக்கு வந்து, புதிதாகத் தலைமைக்கு வந்த யான் டிம்மர் பல்லாயிரம் பேரை வீட்டுக்கு அனுப்பினார். சிடிஐயை முன்னின்று நடத்திய காஸ்டன் பாஸ்டியன்ஸ் பிற்பாடு ஆப்பிளுக்குப் போய் நியூட்டன் என்ற கையடக்கக் கம்ப்யூட்டருக்கு, இன்னொரு புகழ்பெற்ற தோல்விக்கு, பொறுப்பேற்றார். சில பேர் ஜாதகம் அப்படி.

படம் மட்டும் தப்பித்தது

கார்ட்ரிட்ஜ் சொருகினால் சிடிஐயில் சினிமா பார்க்கலாம். முதலில் வந்த சினிமா டிஸ்குகள் சிடிஐயில் மட்டும் ஓடின. அப்புறம் பிலிப்ஸ், சோனி, மட்சுஷிட்டா, ஜேவிசி நாலு பேரும் சேர்ந்து 1993-ல் வெள்ளைப் புத்தகம் எழுதினார்கள். எம்பெக் தெரிந்த எந்தப் பெட்டியிலும் ஓடும் டிஸ்க். சிடிஐ இனி அவசியமில்லை, ஆனாலும் மரியாதைக்கு அதன் புரோகிராம் உள்ளே இருக்கட்டும் என்று ஒரு ஃபோல்டர். இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், பல வருடமும் பெரும் பணமும் போட்டு வளர்த்த மெஷினிலிருந்து உலகம் எடுத்துக்கொண்டது, பிலிப்ஸ் கடைசி நேரத்தில் ஒட்டுப் போட்ட அந்தக் கார்ட்ரிட்ஜை மட்டும். அதுவும் வேறு யாரோ எடுத்தார்கள். ஜியாங் வான்மெங் என்ற சீனப் பொறியாளர் 1992-ல் லாஸ் வேகாஸ் கண்காட்சியில் சி-கியூப் என்ற அமெரிக்க நிறுவனம் எம்பெக் படத்தை விரித்துக் காட்டுவதைப் பார்த்தார். சுன் யான்ஷெங் என்ற கூட்டாளியோடு ஹெஃபெய் நகரில் வான்யான் என்ற கம்பெனியைத் தொடங்கி 1993-ல் விசிடி பிளேயர் செய்தார். சாதாரண சிடி பிளேயர், ஒரு எம்பெக் சில்லு, டிவிக்கு ஒரு ஒயர். கலைக்களஞ்சியம் இல்லை, குமிழ் வைத்த ரிமோட் இல்லை. அதைப் பார்த்து ஆளாளுக்குச் செய்ய ஆரம்பித்ததில் வான்யான் காணாமல் போனது. 1990-களின் கடைசியில் சீனாவில் வருடத்துக்குக் கோடிக்கும் மேல் பிளேயர்கள் செய்தார்கள். அதில் ஒரு பங்கு கப்பலேறி நம் பக்கம் வந்தது.

வந்த பிறகு நடந்ததை நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு டிஸ்கில் 74 நிமிடம். நம் படம் இரண்டரை மணி நேரம். இரண்டு டிஸ்கில் அடங்கும், அடங்காது என்கிற விளிம்பில் நிற்கும். அதனால் பாட்டை வெட்டுவார்கள், இல்லை என்றால் மூன்றாவது டிஸ்கில் கிளைமாக்ஸ் மட்டும் வரும். வாடகைக் கடைக்காரர் மூன்றாவதைப் போட மறந்த நாளில் வீட்டில் கொலை விழும். திருட்டு விசிடி சினிமாக்காரர்களை ஆட்டிவைத்தது, 2004-ல் தமிழ்நாடு அரசு குண்டர் சட்டத்தையே திருத்தி வீடியோ திருடர்களை அதற்குள் கொண்டுவந்தது. கல்யாணத்துக்கு கேசட் போய் விசிடி ஆல்பம் வந்தது. சோபாவில் உட்கார்ந்து பட்டனை அழுத்தும் குடும்பம் எந்த நாட்டிலும் சிக்கவில்லை. தரையில் வரிசையாக உட்கார்ந்து சும்மா படம் பார்க்கும் குடும்பம் ஊர் ஊருக்குக் கிடைத்தது.

பட்டன் முழுசாக ஒழிந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. விசிடி பிளேயர் ரிமோட்டில் பிபிசி என்று ஒன்று இருக்கும், லண்டன் வானொலி கிடையாது, பிளேபேக் கண்ட்ரோல் என்பதன் சுருக்கம். விசிடியின் இரண்டாவது பதிப்பில் மெனு வசதியைச் சேர்த்திருந்தார்கள். திரையில் பாட்டுகளின் பட்டியல் வரும், எண்ணை அழுத்தினால் அந்தப் பாட்டு ஓடும், முடிந்ததும் பட்டியலுக்குத் திரும்பும். சிடிஐ கண்ட கனவில் நம் வீடுவரை வந்து சேர்ந்த ஒரே துளி அதுதான். அதை நாம் என்ன செய்தோம்? மெனு வந்தால் வேகமாக ஓட்டவும் முடியாது, அடுத்த பாட்டுக்குத் தாவவும் முடியாது, பட்டியலிலேயே மாட்டிக்கொள்ளும். டிஸ்கைப் போட்டதும் முதல் வேலையாக யாராவது ஒருவர் "பிபிசிய ஆஃப் பண்ணு" என்று கத்துவார். அதை அணைத்துவிட்டுத்தான் படம் பார்ப்போம். மெஷின் நம்மிடம் எதையும் கேட்கக் கூடாது, ஓடினால் போதும். பிலிப்ஸ் ஆட்கள் 1986-ல் ஒரு தடவை எங்கள் தெருவுக்கு வந்திருந்தால் நிறையக் காசு மிச்சமாகியிருக்கும்.

2000-களின் நடுவில் ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் விற்ற மலிவு டிவிடி பிளேயர்கள் சிலவற்றோடு இரண்டு கேம்பேடும், முந்நூறு கேம் என்று அட்டையில் போட்ட ஒரு சிடியும் இலவசமாக வரும். பிளேயரின் முகப்பிலேயே கேம்பேடு சொருக இடம் இருக்கும், விசிடியும் ஓடும். எங்கள் சித்தப்பா வீட்டில் அப்படி ஒன்று வாங்கினார்கள். பகலில் தம்பிகள் அதில் விளையாடுவார்கள், ராத்திரி சித்தி பழைய படம் போடுவார். முந்நூறு என்று போட்டிருந்தாலும் பாதி ஒரே கேம் வேறு வேறு பெயரில். அதில் மாரியோவும் இருந்தது. லைசென்ஸ் கிடையாது, நின்டெண்டோவுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் அசல் மாரியோ, பட்டனை அழுத்தினால் அழுத்திய நொடியில் குதித்தது.